வாத்தியார் வாங்கிய நிலம்

வரைபடம் முதலில். 1625ல் தாமஸ் ரேவன் என்ற நில அளவைக்காரர், அயர்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு பிரபுவின் நிலம் முழுவதையும் அளந்து, தாள் தாளாக வரைந்து கொடுத்தார். அந்தத் தாள்கள் இன்று பேங்கர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் பார்த்தது பிரதிகளைத்தான். வயல்களின் எல்லை, ஓடை, கரம்பு, குத்தகைக்காரர்களின் பெயர், பரப்பளவு. வீடுகளை மட்டும் எதிரே நின்று பார்த்தபடி, கூரையும் கதவுமாகக் குட்டி குட்டியாகப் போட்டிருக்கிறார். பெயர்களை வாசித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் ஸ்காட்லாந்துப் பெயர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில் அவற்றில் மிகச் சிலவே கேட்டிருக்கும்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் ஜேம்ஸ் ஹாமில்டன், கிளேண்டெபாய் பிரபு. அயர்லாந்துக்கு அவர் வந்தது பள்ளிக்கூட வாத்தியாராக.

*

ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் டன்லப் என்ற சிற்றூர். அங்கே போதகர் ஹான்ஸ் ஹாமில்டன். ஆறு ஆண் பிள்ளைகள். மூத்தவர் ஜேம்ஸ், பிறந்தது 1560ஐ ஒட்டி. கிராமத்துப் போதகர் ஆறு பிள்ளைகளுக்கு எழுதிவைக்க என்ன இருந்திருக்கும்? படிக்கவைத்தார்.

1587ல் ஜேம்ஸ் டப்ளினுக்கு வந்து, கிரேட் ஷிப் தெருவில் ஒரு லத்தீன் பள்ளிக்கூடம் தொடங்கினார். துணை ஆசிரியர் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், ஜேம்ஸ் ஃபுல்லர்ட்டன். அவர்களிடம் படித்த பையன்களில் ஒருவன் ஜேம்ஸ் அஷர். பிற்பாடு ஆர்மா பேராயர் ஆனவர். பைபிளின் வம்சாவளிகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004 அக்டோபரில் படைக்கப்பட்டது என்று கணக்குச் சொன்னவர் அவரே. அந்த இரண்டு ஆசிரியர்களும் தனக்குக் கிடைத்தது கடவுள் செயல் என்று அஷர் பெரிய மனிதரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட வாத்தியாரைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1592ல் ட்ரினிட்டி கல்லூரி தொடங்கியதும் இருவரும் அங்கே போனார்கள். இதற்கிடையில் இருவருக்கும் இன்னொரு வேலையும் இருந்தது. எலிசபெத் ராணிக்கு வயதாகிக்கொண்டிருந்தது, வாரிசு இல்லை. எடின்பரோவில் காத்திருந்த ஆறாம் ஜேம்ஸ் மன்னருக்கு டப்ளினில் யார் யார் தன் பக்கம் நிற்பார்கள் என்று தெரியவேண்டியிருந்தது. பையன்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவர்கள் இரவில் மன்னருக்குக் கடிதம் எழுதினார்கள். 1600ல் ஹாமில்டன் லண்டனுக்கு மாறினார், மன்னரின் ஆளாக. 1603 மார்ச்சில் ராணி இறந்தார், ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். அதுவரை எழுதிய கடிதங்களுக்கெல்லாம் கூலி வாங்கும் நேரம் வந்தது.

ஃபுல்லர்ட்டன் அரசவையிலேயே தங்கிவிட்டார். மன்னரின் அந்தரங்க வட்டத்தில் இடம், முடிவில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். ஹாமில்டன் நிலம் கேட்டார்.

*

நிலம் யாருடையது? கான் ஓ'நீல் என்ற கேலிக் குலத்தலைவருடையது. மேல் கிளேண்டெபாய், பேங்கர் கரை, ஆர்ட்ஸ் தீபகற்பத்தின் பகுதி என்று பரந்த இடம். கோட்டை காஸில்ரேயில், பெல்ஃபாஸ்டுக்குத் தென்கிழக்கே ஒரு குன்றின்மேல்.

1602 முடியும் சமயம். கோட்டையில் நாள்கணக்கில் விருந்து நடக்கிறது. மது தீர்ந்துவிட்டது. வேலையாட்களை பெல்ஃபாஸ்டுக்கு அனுப்புகிறார் கான். திரும்பி வரும் வழியில் ராணியின் படைவீரர்கள் மதுவைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். வெறுங்கையோடு வந்த ஆட்களைத் தலைவர் திட்டித் தீர்த்து, மறுபடி போய்ச் சண்டைபோடச் சொல்கிறார். சண்டையில் ஒரு வீரன் சாகிறான். அவ்வளவுதான், 'ராணிக்கு எதிராகப் போர் தொடுத்தார்' என்று வழக்கு. கான் கேரிக்ஃபெர்கஸ் கோட்டைச் சிறையில்.

அந்தக் காலத்தில் குடித்துவிட்டுச் சண்டைபோடுவது தேசத்துரோகமாவதற்கு ஒரே ஒரு காரணம் போதும். குடித்தவருக்கு நிறைய நிலம் இருக்கவேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம், அயர்ஷயரில், ஹ்யூ மான்ட்கோமரி என்ற நிலக்கிழார் இதைக் கேள்விப்பட்டார். கானின் மனைவியோடு பேச்சு நடந்தது: நான் உங்கள் கணவரை வெளியே கொண்டுவந்து மன்னிப்பும் வாங்கித் தருகிறேன், பாதி நிலம் எனக்கு. தாமஸ் மான்ட்கோமரி என்ற உறவினர் கேரிக்ஃபெர்கஸுக்குக் கப்பலில் வந்து, சிறை அதிகாரியின் மகளைக் காதலித்து, அந்த வழியாகக் கானை வெளியே கொண்டுவந்தார். மனைவி பாலாடைக்கட்டிக்குள் கயிறு ஒளித்து உள்ளே கொண்டுபோனதாகவும், அதைப் பிடித்துக் கான் ஜன்னல் வழியே இறங்கியதாகவும் கதை. பாலாடைக்கட்டியை நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் கான் தப்பியதும், ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்ததும், 1604 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதியதும் நிஜம்.

*

இந்த இடத்தில்தான் ஹாமில்டன் உள்ளே வருகிறார்.

இரண்டு குடும்பத்தாரும் பின்னால் தங்கள் கதையை எழுதிவைத்தார்கள்; மான்ட்கோமரி கையெழுத்துப் பிரதிகள் என்றும் ஹாமில்டன் கையெழுத்துப் பிரதிகள் என்றும் 19ஆம் நூற்றாண்டில் அச்சாகின. முதல் நூலில் ஹாமில்டன், அப்பம் பங்கிட வந்த குரங்கு. இரண்டாவதில் ஞானமும் பக்தியும் உள்ள குடும்ப மூதாதை. இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கவேண்டியிருக்கிறது. ஒன்றில் விட்டது மற்றதில் கிடைக்கும்.

நடந்தது இது. மன்னரிடம் ஃபுல்லர்ட்டன் பேசினார்: இவ்வளவு நிலம் இரண்டே பேருக்கா? மூன்றாகப் பிரித்தால் குடியேற்றமும் வேகமாக நடக்கும், நம் ஹாமில்டனுக்கும் செய்த மாதிரி இருக்கும். பழைய பள்ளிக்கூடத்துச் சகாவின் ஒரு வார்த்தை. 1605 ஏப்ரலில் முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. கான் ஒரு பங்கு, மான்ட்கோமரி ஒரு பங்கு, ஹாமில்டன் ஒரு பங்கு. மேலும், பட்டயம் ஹாமில்டன் பெயருக்கு எழுதப்படும். அவர் மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுப்பார். கரையோரப் பகுதி ஸ்காட்லாந்துக்காரர்கள் இருவருக்கும் போயிற்று. படகு வந்து இறங்கும் இடமெல்லாம் அவர்கள் கையில்.

அந்தக் காலத்து நில விவகாரத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. மன்னருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் 'அயர்லாந்தில் ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானமுள்ள நிலம்' என்று ஒரு அரசாணை கிடைக்கும். எந்த நிலம் என்று அதில் இருக்காது. லண்டன் வியாபாரிக்கு அயர்லாந்தில் நிலம் வைத்து என்ன செய்வது? விற்றுவிடுவார். ஹாமில்டன் அப்படிப்பட்ட ஆணைகளை வாங்கினார். தாமஸ் அயர்லாண்ட் என்பவர் பெயரில் ஒன்று, ஜான் வேக்மன் பெயரில் ஒன்று. பிறகு டப்ளினில் உட்கார்ந்து, எந்த மடத்தின் நிலம் மன்னர் கணக்கில் விடுபட்டிருக்கிறது, எந்த ஆற்றின் மீன்பிடி உரிமை யார் பெயரிலும் பதியவில்லை என்று பழைய பதிவேடுகளைத் தோண்டி, காலியிடத்தை நிரப்புவார். மதிப்பீடு ஒரு பழைய, குறைந்த தொகை. 100 பவுண்டு ஆணைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடங்கும். பான் ஆற்றின் மீன்பிடிப்புகூட இப்படி அவர் கைக்கு வந்து, துணை ஆளுநர் சிசெஸ்டரின் கைக்குப் போனது.

இதற்குத் துணிச்சல் அவ்வளவாகத் தேவையில்லை. பொறுமையாகப் பழைய லத்தீன் வாசிக்கத் தெரியவேண்டும். அவர் பெயரைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது கப்பலும் கோட்டையும் அல்ல, மெழுகுவத்தியும் பதிவேடும். கானுக்கு அந்த நிலம் தன்னுடையது என்று தெரியும், ஊருக்குத் தெரியும், பாடகர்களுக்குத் தெரியும். ஹாமில்டனுக்கு அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, எந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டிருக்கிறது என்று தெரியும்.

*

'வெறுமையாகக் கிடந்த நிலம்' என்று இரண்டு குடும்ப நூல்களும் சொல்கின்றன. வெறுமைதான். ராணியை எதிர்த்து ஐரிஷ் தலைவர்கள் நடத்திய ஒன்பதாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் சிசெஸ்டரின் படைகள் இந்தப் பக்கங்களில் பயிரையும் குடிசையையும் எரித்திருந்தன. அப்போது அயர்லாந்தில் இருந்த ஃபைன்ஸ் மோரிசன் என்ற ஆங்கிலேயர், பசியில் செத்துக் கிடந்தவர்களின் வாய் காஞ்சொறி தின்று பச்சையாக இருந்ததை எழுதியிருக்கிறார். அவர் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர், கூட்டிச் சொல்ல அவருக்கு எந்தத் தேவையும் இல்லை.

அதற்கு முன்னும் ஒரு முயற்சி நடந்திருந்தது. சர் தாமஸ் ஸ்மித், அவரும் பெரிய படிப்பாளி, 1571ல் இதே ஆர்ட்ஸ் நிலத்துக்கு எலிசபெத்திடம் பட்டயம் வாங்கினார். குடியேற்றத்துக்கு மகனை அனுப்பினார். 1573ல் மகனை அவன் வீட்டு ஐரிஷ் ஆட்களே கொன்றார்கள். திட்டம் கரைந்துபோனது. அதே நிலத்தில் 1606ல் ஜெயிக்க முடிந்ததற்குக் காரணம், இடையில் வந்த 30 வருஷங்கள் எதிர்க்க ஆளில்லாமல் செய்திருந்ததுதான்.

*

1606 மே மாதம் முதல் குடும்பங்கள் வந்தன. ஸ்காட்லாந்தின் போர்ட்பேட்ரிக்கிலிருந்து இந்தக் கரையின் டொனகடீ 34 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த நாளில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை தெரியும். புறப்பட்ட ஊரைத் திரும்பிப் பார்க்க முடிகிற குடியேற்றம் உலகத்தில் அபூர்வம். அடுத்த வருஷம் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் பாதிக்குமேல் செத்தார்கள். இங்கே முதல் இரண்டு அறுவடையும் நன்றாக வந்தன.

மான்ட்கோமரியின் மனைவி எலிசபெத் ஷா தண்ணீர் ஆலைகள் கட்டினார், வந்தவர்களுக்கு வீட்டோடு தோட்டத்துண்டும் மாட்டுக்கு மேய்ச்சலும் கொடுத்தார், கம்பளியும் லினனும் நெய்ய ஏற்பாடு செய்தார். குடியேற்றம் என்றதும் வாளோடு நிற்கும் ஆண்களை வரைகிறார்கள். இந்த அம்மாவையும் ஒரு மாவாலையையும் வரைந்திருக்கலாம்.

ஹாமில்டன் பேங்கரில் வீடு கட்டினார். காம்கால் என்ற துறவி 6ஆம் நூற்றாண்டில் நிறுவிய பெரிய மடம் இருந்த ஊர் அது. அங்கிருந்து புறப்பட்ட கொலும்பானுஸ் பிரான்ஸிலும் இத்தாலியிலும் மடங்கள் நிறுவினார். ஆயிரம் வருஷத்துப் பழைய அந்த இடத்திலேயே ஹாமில்டன் தன் தேவாலயத்தை எழுப்பினார். 1637ல் துறைமுகத்தில் சுங்கக் கட்டடம் ஒன்று, அது இன்றும் நிற்கிறது. தம்பிகளை ஒவ்வொருவராக வரவழைத்தார். போதகரின் பிள்ளைகள் எல்லாருக்கும் நிலம் ஆயிற்று. தம்பி ஜான் பெயரில் ஆர்மா பக்கம் ஹாமில்டன்ஸ்பான் என்று ஒரு ஊரே இருக்கிறது.

பழைய ஐரிஷ் குடிகளில் பலர் போகவில்லை. மோசமான நிலத்துக்கு நகர்ந்தார்கள், கூலிக்கு நின்றார்கள்.

*

1613ல் டப்ளினில் பாராளுமன்றம். புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை வேண்டும் என்பதற்காக ஏறத்தாழ 40 புதிய நகராட்சித் தொகுதிகள் உருவாக்கப்பட்டன. பல இடங்களில் நகரம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஹாமில்டன் நிலத்திலிருந்த பேங்கரும் கில்லிலேயும் அந்தப் பட்டியலில்: ஒரு தலைவர், 12 உறுப்பினர்கள், இரண்டு பாராளுமன்ற இடங்கள். உறுப்பினர்கள் யார் சொல்படி ஓட்டுப் போடுவார்கள் என்பதில் சந்தேகம் கிடையாது.

இந்த நிலங்கள் அடங்கிய கவுண்டி டவுனுக்கான உறுப்பினர்களாகச் சென்றவர்கள் ஹாமில்டனும் மான்ட்கோமரியும். இருவரும் எல்லைத் தகராறில் ஒருவர்மேல் ஒருவர் வழக்கு நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அதே பாராளுமன்றத்தில்தான் சபாநாயகர் நாற்காலிக்கு அடிதடி. ஒரு கட்சியார் எண்ணிக்கைக்காக வெளியே போன நேரத்தில் கத்தோலிக்கத் தரப்பு தங்கள் ஆளான எவரார்டை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது. திரும்பி வந்தவர்கள் தங்கள் ஆளான ஜான் டேவிஸைத் தூக்கி எவரார்டின் மடியிலேயே உட்காரவைத்தார்கள். டேவிஸ் நல்ல பருமன்.

1622 மே 3ல் மான்ட்கோமரி பிரபு ஆனார். மே 4ல் ஹாமில்டன். ஒரு நாள் முன்னுரிமை மான்ட்கோமரி பக்கம், அதை அந்தக் குடும்பம் மறக்கவில்லை. ஹாமில்டன் எடுத்துக்கொண்ட பட்டப் பெயர் கிளேண்டெபாய். கானின் முன்னோர் வழிவந்த குலத்தின் பெயர். நிலத்தோடு பெயரும் போனது.

*

1623ல் ஹாமில்டன், ராபர்ட் பிளேர் என்ற போதகரை பேங்கருக்கு அழைத்தார். பிளேர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆசிரியர், பிஷப்புகளை ஏற்காதவர். பிஷப் எக்லின், தான் மற்ற மூப்பர்களோடு ஒருவராக நின்று அவருக்குக் குருப்பட்டம் கொடுத்துச் சமாளித்தார். அப்படி ஒரு விட்டுக்கொடுத்தல் அந்தக் கரையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் நடந்தது. பிரெஸ்பிடீரியன் சமயம் அயர்லாந்தில் வேர்பிடித்தது அந்த இடைவெளியில். ஹாமில்டன் அதற்கு நிழல் கொடுத்தார். போதகரின் மகன் என்பது அவரிடம் இங்கேதான் தெரிகிறது.

பிறகு வென்ட்வொர்த் ஆளுநராக வந்தார். எல்லாரும் ஒரே முறைப்படி வழிபட வேண்டும் என்றார். 1636ல் இணங்காத போதகர்கள் நீக்கப்பட்டார்கள். நீக்கப்பட்டவர்களில் பாலிவால்ட்டரின் போதகர், பெயர் ஜேம்ஸ் ஹாமில்டன், பிரபுவின் சொந்தத் தம்பி மகன். அந்த செப்டம்பரில் அவரும் பிளேரும் இன்னும் சுமார் 140 பேரும் 'ஈகிள் விங்' என்ற கப்பலில் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். நடு அட்லாண்டிக்கில் புயல், சுக்கான் உடைந்தது. இது கடவுளின் மறுப்பு என்று முடிவுசெய்து நவம்பரில் திரும்பி வந்தார்கள்.

1639ல் வென்ட்வொர்த் இன்னும் ஒருபடி போனார். அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரில் 16 வயதுக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்துக்காரர்கள், ஆணும் பெண்ணும், மன்னரின் வழிபாட்டு முறையை எதிர்த்து ஸ்காட்லாந்தில் எழுந்த உடன்படிக்கையைத் துறந்து, மண்டியிட்டு, மன்னருக்கு உறுதி சொல்லவேண்டும். கறுப்புச் சத்தியம் என்று சனங்கள் பெயர் வைத்தார்கள். அந்தச் சத்தியத்தை எங்களுக்கு விதியுங்கள் என்று ஸ்காட்லாந்துப் பிரமுகர்களே மனு கொடுத்ததாக ஏற்பாடு. மனு கொடுத்தவர்களில் கிளேண்டெபாய் பிரபுவும் ஒருவர்.

அவருக்கு அப்போது எண்பதை ஒட்டிய வயது. தம்பி மகனைத் துரத்திய அதே ஆட்சிக்குக் கையெழுத்து. நிலத்தைக் காப்பாற்றவா, அதில் குடியேறியவர்களை வென்ட்வொர்த்திடமிருந்து காப்பாற்றவா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். பட்டயத்தால் வந்த நிலம், பட்டயம் தந்தவரின் மகன் ஆட்சி. அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது என்றே படுகிறது. சத்தியத்துக்குப் பயந்து பலர் அறுக்காத பயிரை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள், வந்த அதே 34 கிலோமீட்டர்.

*

கானின் மூன்றில் ஒரு பங்கு என்ன ஆயிற்று? துண்டு துண்டாக விற்றார். வாங்கியவர்களில் ஹாமில்டனும் மான்ட்கோமரியும் உண்டு, மோசஸ் ஹில் என்ற புதுப் பணக்காரரும் உண்டு. குடியால் அழிந்தார் என்று இரண்டு குடும்ப நூல்களும் சொல்வதுபோல முடித்துவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. குலத்தலைவர் என்பவர் கொடுக்கவேண்டியவர். விருந்தும் பரிசும் இல்லாமல் அவருக்கு ஆள்கட்டு இல்லை. குத்தகைப் பணம் எண்ணத் தெரிந்த இருவருக்கு நடுவில் அவர் பழைய முறைப்படியே வாழ்ந்தார்.

காஸில்ரேயில் ஓ'நீல்கள் பதவியேற்கும்போது உட்கார்ந்த கல்நாற்காலி ஒன்று இருந்தது. செதுக்காத முரட்டுக் கல், முதுகு சாயும் அளவுக்கு ஒரு பலகைபோல உயர்ந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டில் யாரோ இடிபாட்டிலிருந்து அதை எடுத்துவந்து பெல்ஃபாஸ்ட் வெண்ணெய்ச் சந்தைச் சுவரில் பதித்தார்கள். வெண்ணெய் விற்க வந்தவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அல்ஸ்டர் மியூசியத்தில் இருக்கிறது. கோட்டை இல்லை.

கானின் மகன் டேனியல் ஓ'நீல் புராட்டஸ்டன்டாக வளர்க்கப்பட்டு, லண்டன் அரசவைக்குப் போனார். அப்பாவின் நிலத்துக்காக வருஷக்கணக்கில் மனு எழுதினார். உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று சிறைப்பட்டார், தப்பினார், நாடுகடந்து வாழ்ந்தார். இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்ததும் இங்கிலாந்தின் தலைமை அஞ்சல் அதிகாரி ஆனார். நல்ல பணம், நல்ல வீடு. காஸில்ரே மட்டும் கிடைக்கவில்லை.

*

1641 அக்டோபரில் அல்ஸ்டர் ஐரிஷ்காரர்கள் எழுந்தார்கள். கிழவர் ஹாமில்டன் ஒரு படைப்பிரிவு திரட்டினார். 1644 ஜனவரியில் இறந்து பேங்கரில் அடக்கமானார். மகன் கிளான்பிராஸில் கோமான் ஆனார். பேரன் ஹென்றிக்குப் பிள்ளை இல்லை. ஹென்றியின் அப்பா எழுதிய உயில்படி, வாரிசு இல்லாவிட்டால் நிலம் அந்தப் பழைய தம்பிகளின் வழிவந்தவர்களுக்குப் பிரியவேண்டும். ஹென்றி தன் மனைவி ஆலிஸ் பெயருக்கு எல்லாவற்றையும் எழுதிவைத்து, 1675ல் இறந்தார். ஆலிஸ் மாமனாரின் உயிலை அழித்தார் என்றும், யாரோ எடுத்துவைத்திருந்த நகல் ஒன்று வெளிவந்தது என்றும் குடும்ப நூல் சொல்கிறது. வழக்கு இருபது வருஷத்துக்குமேல் இழுத்தது.

பங்கீட்டில் கில்லிலே கோட்டை ஒரு கிளைக்கும், அதன் வாசல் கோபுரம் இன்னொரு கிளைக்கும் போனது. வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் நுழைய உறவினரின் வாசலைத் தாண்டவேண்டும். 19ஆம் நூற்றாண்டு வரை இந்தக் கூத்து நீடித்தது. 1862ல் வாசல் பக்கத்து வாரிசான டஃபரின் பிரபு, கோட்டைப் பக்கத்து மகள் ஹாரியட் ரோவன் ஹாமில்டனை மணந்தார். வாசலைத் திருப்பிக் கொடுத்தார். வாடகை: ஒரு வருஷம் வெள்ளிக் குதிமுள் ஒரு ஜோடி, மறுவருஷம் தங்க ரோஜா ஒன்று.

அந்த டஃபரின்தான் 1884ல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தவர், 1886ல் மேல் பர்மாவைப் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்த்தவர். ஹாரியட் இந்தியப் பெண்களுக்கு மருத்துவ வசதி வேண்டும் என்று 1885ல் ஒரு நிதி தொடங்கினார், அதிலிருந்து பெண் மருத்துவர்களும் தாதிகளும் பயிற்சி பெற்றார்கள். லேடி டஃபரின் ஆஸ்பத்திரி என்று சொன்னால் வட இந்திய நகரங்களில் இன்றும் வழி காட்டுவார்கள்.